மீன் தொட்டிக்கும் உறைமோர் உண்டு



கல்வி உதவி, மருத்துவ உதவி, வட்டியில்லாக் கடன் என்று வழக்கமாக எழுதும் இந்தப் பக்கத்தில் மீன் தொட்டியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இதில் ஒரு சகோதரிக்கு நாங்கள் செய்த தவறும் அடங்கியிருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

கணவரை இழந்த அந்தச் சகோதரி, வண்ண மீன் வளர்த்து விற்க நம் அறக்கட்டளையிடம் வட்டியில்லாக் கடன் கேட்டார். 15,000 ரூபாய் கொடுத்தோம். மாடியில் நான்கு தொட்டி வைத்தார். கப்பி, மோலி வாங்கி விட்டார். கூடவே நாங்கள் ஓர் அறிவுரையும் சொல்லி அனுப்பினோம்: "வாரம் ஒருமுறை தொட்டியை முழுசாக் காலி பண்ணி, பில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணியில நல்லாக் கசக்கிக் கழுவணும்மா." தூய்மையை ஈமானோடு சேர்த்துச் சொல்லித்தரப்பட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சகோதரி சொன்னதைச் சொன்னபடி செய்தார். மூன்றாவது வாரத்தில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்தாவது வாரத்தில் தொட்டிகள் காலி.

எங்கள் குறிப்பேட்டில் "பயனாளியின் கவனக்குறைவு" என்று எழுதினோம். அடுத்த கூட்டத்தில், இந்தத் தொழிலுக்கு இனிக் கடன் கொடுப்பதில்லை என்று முடிவு செய்யவும் இருந்தோம்.

அதற்குள் எங்கள் அலுவலகத்திலேயே அதே கதை நடந்தது. மாலை நேர டியூஷன் பிள்ளைகளுக்காக இரண்டடித் தொட்டி ஒன்று வைத்து, பெருநாளுக்கு முன்பு பன்னிரண்டு தங்கமீன் வாங்கி விட்டோம். கடையில் கொடுத்த "பாக்டீரியா ஸ்டார்ட்டர்" பாட்டிலையும் ஊற்றினோம். ஒன்பதாம் நாள் கடைசி மீனும் போயிற்று. "கண்ணு பட்டுட்டு" என்றார்கள் சிலர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மட்டும், "நாமதான் கொன்னுட்டோமா அங்கிள்?" என்று கேட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனபோதுதான், பாட்டில் பல நாட்களாக எங்கள் ஜன்னல் திண்டில் வெயிலில் இருந்ததும், சகோதரியின் மீன்களைக் கொன்றது எங்கள் அறிவுரைதான் என்பதும் தெரிய வந்தன.

தெரிந்துகொண்டதை எல்லோருக்கும் பயன்படும்படி எழுதுகிறோம்.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். ஆற்றிலும் குளத்திலும் இது பெரிய நீரில் கரைந்து போகும். பாறையிலும் மணலிலும் வாழும் பாக்டீரியாக்கள் அதை மாற்றிவிடும். 50 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் அது போக வழியில்லை. தன் கழிவுக்குள்ளேயே மீன் மூச்சு விட வேண்டியிருக்கிறது.

இதைச் சரி செய்வது இரண்டு வகை பாக்டீரியாக்கள். முதல் வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரோசோமோனாஸ் இதில் பெயர் பெற்றது. நைட்ரைட்டும் விஷமே. அது மீனின் இரத்தத்தில் ஏறினால் இரத்தம் பழுப்பு நிறமாகி, ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கிறது. இரண்டாவது வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று; வாரந்தோறும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினாலே கட்டுக்குள் நிற்கும்.

இந்தப் பாக்டீரியாக்களை 1890ல் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. மீன் தொட்டியில் இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றே நீண்ட காலம் நம்பினார்கள். 1998ல் திமோத்தி ஹோவனெக்கும் அவருடைய குழுவினரும், நன்னீர் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்ற வேறு இனம் என்று காட்டினார்கள். 2015ல், அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தானே செய்யும் நைட்ரோஸ்பைரா வகையும் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கண்ட குழுக்களில் ஒன்றுக்கு அது கிடைத்த இடம் ஒரு மீன் வளர்ப்பு அமைப்பின் பில்டர்.

நாம் மனதில் வைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, இவை மெதுவாகப் பெருகுபவை. சாதாரண பாக்டீரியாக்கள் சில இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்கு அரை நாள், ஒரு நாள், அதற்கு மேலும் ஆகும். அதனால்தான் புதுத் தொட்டி பழக நான்கு முதல் ஆறு வாரம் வரை எடுக்கிறது. இரண்டு, இவை தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல; ஸ்பாஞ்ச், கல், மணல், கண்ணாடி என்று ஏதாவதொன்றில் ஒட்டி வாழ்பவை. ஸ்பாஞ்சில் பழுப்பாகப் படிந்திருக்கிறதே, நாங்கள் அழுக்கு என்று கழுவச் சொன்னோமே, அதில்தான் அவை குடியிருந்தன. குழாய்த் தண்ணீரின் குளோரின், குடிநீரில் கிருமியைக் கொல்வது போலவே இவற்றையும் கொன்றது. அந்தச் சகோதரி ஒவ்வொரு வாரமும் புதுத் தொட்டியை மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தார். மீன் மட்டும் பழைய எண்ணிக்கையில் இருந்தது.

பாலைத் தயிராக்க உறைமோர் ஊற்றுகிறோம். பால் கொதிக்கும்போது ஊற்றினால் உறையாது. மோர் கெட்டிருந்தாலும் உறையாது. பாக்டீரியா ஸ்டார்ட்டரும் இப்படித்தான். ஒரே வேறுபாடு, தயிர் ஓர் இரவில் உறையும். தொட்டிக்கு வாரக் கணக்கு வேண்டும். நல்ல ஸ்டார்ட்டர் அந்தக் காலத்தைக் குறைக்கும். முற்றிலும் இல்லாமல் ஆக்கிவிடாது.

நம் ஊர்த் தண்ணீர்

பொதிகையிலிருந்து இறங்கி வரும் தாமிரபரணி நீரில் கரைந்த உப்பு குறைவு. மாநகராட்சிக் குழாயில் வருவது குளோரின் கலந்த ஆற்று நீர். வீட்டுப் போர் தண்ணீரோ பல தெருக்களில் கடினமானது. பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடுவது. இரண்டிலும் இரண்டு விதமான கவனம் வேண்டும்.

குழாய் நீர் என்றால் முதலில் குளோரின் போக வேண்டும். வாளியில் பிடித்து, ஏர் பம்பின் கல்லைப் போட்டு ஒரு நாள் குமிழ விடலாம். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரினை அதில் எழுதியுள்ள அளவில் சேர்க்கலாம். மழைக்காலத்தில் ஆறு கலங்கி வரும் நாட்களில் குழாயைத் திறந்ததும் குளோரின் வாடை தூக்கினால், அன்றைக்குத் தொட்டித் தண்ணீரை மாற்றாமல் தள்ளிப் போடுங்கள்.

உப்புக் குறைந்த நீரில் இன்னொரு சிக்கல் உண்டு. பாக்டீரியாக்கள் 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற, நீரின் காரத்தன்மையில் ஏறக்குறைய 7 மில்லிகிராமைச் செலவழிக்கின்றன. இருப்பு தீர்ந்தால் தண்ணீர் புளிப்புப் பக்கம் சாயும், பி.எச். 6க்குக் கீழே போனால் பாக்டீரியாக்கள் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். இதற்கு மருந்து நம் கடற்கரையிலேயே கிடக்கிறது. நன்றாகக் கழுவி உடைத்த கிளிஞ்சல் ஒரு கைப்பிடியைத் துணிப்பையில் கட்டி பில்டர் அருகே போட்டு வைத்தால் மெதுவாகக் கரைந்து ஈடுகட்டும். கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள்; அது மீனைக் கொன்றுவிடும்.

கடின நீரில் வேறு ஆபத்து. அதன் பி.எச். பெரும்பாலும் 7க்கு மேலேதான் இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 இருந்தால், மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் கொடிய வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது 7 சதவீதத்தைத் தாண்டும். ஒரே அளவு அம்மோனியா போர் தண்ணீரில் சட்டென்று கொல்வதும் ஆற்று நீரில் தாமதமாகக் கொல்வதும் இதனால்தான். ஆனாலும் கப்பிக்கும் மோலிக்கும் கடின நீரே ஒத்துக்கொள்ளும். எனவே போர் தண்ணீர் வீட்டார் வருந்த வேண்டியதில்லை. தொட்டியைப் பழக்காமல் மீன் விடக் கூடாது, அவ்வளவுதான்.

பாட்டிலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நாங்கள் எந்தக் கம்பெனியையும் பரிந்துரைக்கவில்லை. கடையில் பாட்டிலைக் கையில் எடுத்ததும் இவற்றைப் பாருங்கள்.

முதலாவது, உள்ளே இருப்பது எது? லேபிளில் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா என்று இருந்தால் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா என்று பொருள். பேசில்லஸ் என்று மட்டும் இருந்தால் அது தீனி மிச்சத்தையும் கசடையும் சிதைக்கும் பாக்டீரியா. அதற்கும் பயன் உண்டு, தண்ணீர் தெளிவாகலாம். ஆனால் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் வேலைக்கு அதை நம்பக் கூடாது. பெயரே போடாமல் "கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியா" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, தூளா, திரவமா? பேசில்லஸ் வித்து வடிவில் உலர்ந்து நெடுநாள் உயிரோடிருக்கும். ஆகவே அது தூளாக வரலாம். நைட்ரோசோமோனாஸும் நைட்ரோஸ்பைராவும் வித்து ஆவதில்லை. சாதாரணத் தூள் டப்பாவில் அவை உயிரோடு இருப்பதாகச் சொன்னால் யோசித்து வாங்குங்கள். திரவமே மேல்.

மூன்றாவது, தேதி. தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் இரண்டுமே இருக்க வேண்டும். இருப்பதில் புதியதைக் கேட்டு வாங்குங்கள்.

நான்காவது, எங்கே இருந்தது? நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்த பாட்டிலும், மதிய நேரத்தில் வண்டியில் சுற்றி வந்த பார்சலும் வெந்துவிடும். நிழலில், குளிர்ச்சியான இடத்தில் வைத்திருக்கும் கடையில் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் லேபிளில் அனுமதித்திருந்தால் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், பிள்ளைகள் பானம் என்று எடுத்துவிடாதபடி மூடி வையுங்கள். உறைபெட்டியில் வைத்தால் கட்டியாகிச் செத்துவிடும்.

ஐந்தாவது, வாக்குறுதி. "இன்றே ஊற்றுங்கள், இன்றே மீன் விடுங்கள்" என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பாட்டிலில் உயிர் இருந்ததா என்பதை ஊற்றிய பிறகு சோதனைதான் சொல்லும்.

இரண்டு வாளிச் சோதனை

தொழிலாகச் செய்பவர்கள், அதிகப் பணம் போட்டு ஸ்டார்ட்டர் வாங்குமுன் இதைச் செய்து பார்க்கலாம். இரண்டு வாளியில் குளோரின் போன தண்ணீரைச் சம அளவு எடுங்கள். இரண்டிலும் ஏர் கல், இரண்டிலும் ஒரே அளவு ஸ்பாஞ்ச் துண்டு. இரண்டிலும் அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் சேர்க்கவும் (முறையைக் கீழே சொல்கிறோம்). ஒன்றில் மட்டும் ஸ்டார்ட்டரை ஊற்றுங்கள். இரண்டு நாளுக்கொரு முறை டெஸ்ட் கிட்டால் பாருங்கள். ஸ்டார்ட்டர் வாளியில் அம்மோனியா முதலில் இறங்கி, நைட்ரைட் ஏறி, பிறகு அதுவும் இறங்கினால் பாட்டிலில் உயிர் இருக்கிறது. பத்து நாளாகியும் இரண்டு வாளியும் ஒரே மாதிரி இருந்தால், நீங்கள் வாங்கியது விலை கூடிய வெறும் தண்ணீர்.

இதற்கு டெஸ்ட் கிட் அவசியம். சொட்டு மருந்து ஊற்றி நிறம் பார்க்கும் வகை நல்லது. அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் தவறாமல் வேண்டும். ஒரு தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கினால் செலவு தெரியாது. நம் அலுவலகத்திலும் ஒன்று வைத்திருக்கிறோம். அஸருக்குப் பிறகு சிறிய பாட்டிலில் தண்ணீர் கொண்டு வந்தால் பார்த்துச் சொல்லி அனுப்புவோம்.

காசில்லாத உறை

எல்லா பாட்டிலையும் விட நம்பகமானது, ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச். அதில் பாக்டீரியா ஒட்டி, பழகி, உயிரோடு இருக்கிறது. பழைய தொட்டிக்காரர் தம் ஸ்பாஞ்சில் பாதியைக் கொடுத்தாலும் மீதிப் பாதியில் அவருக்குத் திரும்ப வளர்ந்துவிடும்.

வாங்கி வரும்போது அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து, காற்றுப் போகும்படி கொண்டு வாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் புதுத் தொட்டியின் பில்டருக்குள் வைத்துவிடுங்கள். வழியில் காய்ந்துவிடக் கூடாது, குழாயில் கழுவக் கூடாது. முக்கியமாக, மீன் செத்துக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்தும், வெள்ளைப் புள்ளி நோய் கண்ட தொட்டியிலிருந்தும் வாங்காதீர்கள். பாக்டீரியாவோடு நோயும் வந்து சேரும். ஆற்றிலிருந்து கல் எடுத்துப் போட்டால் ஆகாதா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். ஒட்டுண்ணியும் கூட வரும்.

பாக்டீரியா ஒட்டிய பொருளையே கொண்டு வைக்கும் இந்த யோசனை பெரிய இடங்களிலும் உண்டு. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இறால் குஞ்சுப் பொரிப்பகங்களின் அம்மோனியாவைக் குறைக்க, நைட்ரிபையிங் பாக்டீரியாக் கூட்டங்களை வளர்த்து, அவற்றை ஒட்ட வைத்த அமைப்புகளை உருவாக்கினார்கள். அவர்கள் பயன்படுத்தியவற்றில் பிளாஸ்டிக் மணிகளும் உண்டு. நம் வீட்டில் ஸ்பாஞ்ச் செய்வதும் அதே வேலைதான்.

பழக்கும் முறை

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி ஏறக்குறைய 56 லிட்டர் கொள்ளும். மேலே கொஞ்சம் விட்டு நிரப்பினால் 50 லிட்டர். இந்தக் கணக்கில் சொல்கிறோம்.

குளோரின் போன தண்ணீரை நிரப்பி, ஸ்பாஞ்ச் பில்டரை இரவு பகல் ஓட விடுங்கள். மீன் விடாதீர்கள். பாக்டீரியாவுக்கு உணவாக அம்மோனியா வேண்டும். எளிய வழி, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுக விடுவது. கணக்காகச் செய்ய விரும்பினால் ஆய்வகத் தரமான அம்மோனியம் குளோரைடு 3 கிராமை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதில் 100 மில்லியைத் தொட்டியில் ஊற்றுங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் கிடைக்கும். கலாய் பூசுவோர் பயன்படுத்தும் நவச்சாரமும் அம்மோனியம் குளோரைடுதான். ஆனால் அதில் வேறு கலப்பு இருக்கலாம், வேண்டாம். இந்தக் கரைசல் பாட்டிலில் பெரிதாக எழுதி ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மீன் இருக்கும் தொட்டியில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது.

பிறகு ஸ்டார்ட்டரைக் குலுக்கி, பாதியை ஸ்பாஞ்சின் மேலேயே ஊற்றுங்கள்; மீதியைத் தொட்டியில். புறஊதா விளக்கு உள்ள பில்டராக இருந்தால் அதை ஒரு வாரம் அணைத்து வையுங்கள். அது மிதக்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

முதல் வாரத்தில் அம்மோனியா மட்டும் தெரியும். அது இறங்கத் தொடங்கும்போது நைட்ரைட் ஏறும். இந்தக் கட்டம்தான் நீளமானது. பலர் பொறுமை இழப்பதும் இங்கேதான். அம்மோனியா காணாமல் போகும்போதெல்லாம் முன்பு ஊற்றியதில் பாதியை மறுபடி ஊற்றுங்கள். ஒரு நாள் 2 மில்லிகிராம் அளவு அம்மோனியா கொடுத்து, மறுநாள் அதே நேரத்தில் பார்க்கும்போது அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் பூஜ்ஜியம் என்றால் தொட்டி உறைந்துவிட்டது. பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடலாம். அதையும் ஒரேயடியாக விடாமல், வாரத்துக்கு இரண்டு மூன்றாக விடுங்கள்.

நம் ஊர் வெப்பம் பாக்டீரியாவுக்கு நல்லது. 25 முதல் 30 டிகிரியில் அவை நன்றாக வேலை செய்யும். ஆனால் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற அவற்றுக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் தேவை. ஆகவே காற்று நிற்கக் கூடாது. கரண்ட் போனால் மூடிய பெட்டி பில்டருக்குள் இருக்கும் பாக்டீரியா சில மணி நேரத்தில் மூச்சுத் திணறும். செல் போட்டு ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

மீனை முன்பே விட்டுவிட்டவர்களுக்கு

பிள்ளை அழுதது, வாப்பா வாங்கிக் கொடுத்துவிட்டார், மீன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. பல வீடுகளில் நிலைமை இதுதான். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலும் மீன் பசியால் சாகாது. தினமும் சோதியுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ லிட்டருக்கு அரை மில்லிகிராமைத் தாண்டினால், குளோரின் போன தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றுங்கள். நைட்ரைட் தெரிந்தால், அயோடின் கலக்காத கல் உப்பு 10 லிட்டருக்கு 1 கிராம் வீதம், அதாவது 50 லிட்டர் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி, கரைத்துச் சேர்க்கலாம். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ஏறுவதைத் தடுக்கும். கூடவே பக்கத்து வீட்டு ஸ்பாஞ்சில் பாதி கேட்டு வாங்கி வையுங்கள்.

மீன் சுணங்கினால் கடையில் நீல மருந்து கொடுப்பார்கள். மெத்திலீன் ப்ளூ என்ற அந்த மருந்தும் ஆன்டிபயாடிக் மருந்துகளும் பில்டர் பாக்டீரியாவையும் பாதிக்கும். நோய் கண்ட மீனைத் தனி வாளியில் வைத்து மருந்து கொடுங்கள், தொட்டியில் ஊற்றாதீர்கள்.

கழுவும் முறை

வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு முறை அமுக்கி எடுத்து, மறுபடி மாட்டுங்கள். அது புதிது போல் மஞ்சளாகத் தெரிய வேண்டியதில்லை. கல்லையும் ஸ்பாஞ்சையும் ஒரே நாளில் சுத்தம் செய்யாதீர்கள். எடுத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் அதிலுள்ள நைட்ரேட் உரமாகும், வீண்விரயமும் இல்லை.

தொட்டி அலுத்துவிட்டால் மீனை வாய்க்காலிலோ ஆற்றிலோ விடாதீர்கள். டேங்க் கிளீனர் என்று விற்கப்படும் மீன், வீடுகளிலிருந்து தப்பியும் விடப்பட்டும் தமிழகத்தின் பல நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீன்களுக்கு இடைஞ்சலாகியிருக்கிறது. நம் ஆற்றின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய, டாகின்சியா தம்பிரபர்ணியெய் என்ற சிறு கெண்டை இனம் இந்த ஆற்றுப் படுகைக்கே உரியது. அதன் வீட்டில் வெளியூர் மீனைக் கொண்டு விடுவது நியாயமில்லை. வேண்டாத மீனைக் கடைக்கோ வளர்ப்பவருக்கோ கொடுத்துவிடுங்கள்.

தொழிலாகச் செய்வோருக்கு

சென்னை கொளத்தூர், வண்ண மீன் வளர்ப்பையும் விற்பனையையும் பல குடும்பங்களின் பிழைப்பாக்கிக் காட்டிய பகுதி. நம் பகுதியிலும் மாடியில் இடம் இருக்கும் வீட்டுப் பெண்களுக்கு இது ஒத்துவரும். 2020ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனாவில், கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய் திட்டச் செலவு வகுக்கப்பட்டு, அதில் பெண்களுக்கு 60 சதவீத மானியம் வைக்கப்பட்டது. இப்போதைய நிலையை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு அறியலாம். விண்ணப்பம் எழுத நாங்கள் உதவுகிறோம். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அருகிலேயே இருக்கும் அந்த அறிவை நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

கடன் வாங்கித் தொடங்குபவருக்கு எங்கள் நிபந்தனை இனி ஒன்றுதான். தொட்டி உறைந்ததைச் சோதனையில் காட்டிய பிறகே மீன் வாங்கும் தொகை கொடுப்போம். கெடுபிடிக்காக அல்ல, கடன்பட்டவரின் மீனையும் மனதையும் காப்பாற்றத்தான்.

கடைசியாக

பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினியில் சாகவிட்ட பெண்ணுக்கு நேர்ந்த கதியை நபி (ஸல்) அவர்கள் எச்சரிக்கையாகச் சொன்னதை நம் பிள்ளைகள் மக்தபில் படிக்கிறார்கள். கண்ணாடிக்குள் அடைத்த மீனும் தானாக இரை தேட முடியாது, தானாக நீர் மாற்ற முடியாது. அது நம் கையில் இருக்கும் அமானிதம். டியூஷன் பிள்ளை கேட்ட கேள்விக்கு, "ஆமாம்மா, தெரியாமச் செஞ்சிட்டோம், இனி தெரிஞ்சு செய்வோம்" என்றுதான் பதில் சொன்னோம். இப்போது அலுவலகத் தொட்டியைச் சோதித்து நோட்டில் எழுதுவது அந்தப் பிள்ளைதான்.

சகோதரியின் வீட்டுக்கு நிர்வாகிகள் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். குறிப்பேட்டில் "கவனக்குறைவு" என்ற சொல்லை அடித்து, "அறக்கட்டளையின் தவறான ஆலோசனை" என்று எழுதிக் கையெழுத்திட்டோம். இரண்டாம் முறை அவர் ஆறு வாரம் பொறுத்துத் தொட்டிகளைப் பழக்கினார். இன்று அந்த நான்கு தொட்டிகளிலும் கப்பிக் குஞ்சுகள் ஓடுகின்றன. கடனில் பாதி அடைந்துவிட்டது.

உறைமோர் கேட்டு வந்த அண்டை வீட்டாரை நம் உம்மாமார் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அயலாருக்குச் சிறு பொருளையும் மறுப்போரை அல்மாஊன் அத்தியாயம் கண்டிக்கிறது. அந்தச் சகோதரி ஒவ்வொரு தொட்டியிலும் கூடுதலாக ஒரு ஸ்பாஞ்ச் போட்டு வைத்திருக்கிறார். புதுத் தொட்டி வைப்பவர்களுக்குக் காசு வாங்காமல் கொடுக்க. வேண்டியவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். கேட்டு வாங்கித் தருகிறோம். உங்கள் தொட்டி உறைந்த பிறகு நீங்களும் ஒரு ஸ்பாஞ்ச் கூடுதலாகப் போட்டு வையுங்கள்.

வஸ்ஸலாம்.

செயலாளர்